ஜானி பிளேக் போட்ட வேஷம்

மாமூல் வசூலிக்கும் கும்பலுக்குள் வேஷம் போட்டு நுழையும் போலீஸ்காரரின் கதையை ஹாலிவுட் எத்தனையோ முறை எடுத்திருக்கிறது. அந்த வரிசையில் மூத்த படங்களில் ஒன்று, 1936-இல் வெளிவந்த ‘புல்லட்ஸ் ஆர் பாலட்ஸ்’. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, கறுப்பு வெள்ளை, ஓடும் நேரம் 82 நிமிடம். இயக்கியவர் வில்லியம் கீலி. கதாநாயகன் ஜானி பிளேக்காக எட்வர்ட் ஜி. ராபின்சன், அவருக்கு எதிரே நிற்கும் ‘பக்ஸ்’ ஃபென்னராக ஹம்ப்ரி போகார்ட், கும்பலின் தலைவன் ஆல் க்ரூகராக பார்ட்டன் மெக்லேன், லீ மார்கனாக ஜோன் பிளாண்டல்.

இந்தப் படத்தின் டிவிடி உறை இன்று எங்காவது கண்ணில் பட்டால், நாற்பது வயதைத் தாண்டிய தமிழ் ரசிகர்கள் சிலருக்கு நினைவு வருவது நியூயார்க் அல்ல, கேபிள் டி.வி. வந்த புதிது. தொண்ணூறுகளில் பகல் முழுக்க கார்ட்டூன் நெட்வொர்க்காக ஓடிய அலைவரிசை, இரவானதும் டி.என்.டி. என்று பெயர் மாறி பழைய ஹாலிவுட் படங்களைப் போடும். இரண்டும் அப்போது டெட் டர்னரின் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தன. வார்னரின் பழைய படக் களஞ்சியமும் அவர் கையில் இருந்ததால் முப்பதுகளின் படங்கள் தமிழ்நாட்டு வீட்டுக் கூடங்கள் வரை வந்து சேர்ந்தன. டாம் அண்ட் ஜெர்ரி முடிந்த ஏமாற்றத்தில் சேனலை மாற்றப்போகும் பேரனை, பின்னால் சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல் தடுக்கும்: “அப்படியே விடுடா, ராபின்சன் படம்டா.”

சப்டைட்டில் கிடையாது. பேச்சு வேறு படுவேகம். சென்னையின் எல்பின்ஸ்டன், குளோப், கேசினோ தியேட்டர்களில் இங்கிலீஷ் படம் பார்த்துப் பழகிய தாத்தாக்கள், திரையில் நடப்பதைத் தமிழில் ஓட்டிக்கொண்டே வருவார்கள். இங்கிலீஷ் படம் என்பது ஒருவர் பார்த்து நாலு பேருக்குக் கதை சொல்வது என்றிருந்த காலத்தின் பழக்கம் அது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்: “தாத்தா, இவன் நல்லவனா, கெட்டவனா?” மற்றப் படங்களில் அதற்குச் சட்டென்று விடை சொல்லிவிடலாம். இந்தப் படத்தில் முடியாது. “பொறுடா, பாரு” என்றுதான் சொல்ல முடியும்.

படம் ஒரு சினிமா கொட்டகையில் தொடங்குகிறது. க்ரூகரும் ஃபென்னரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அவர்கள் பார்க்க வந்தது முழுநீளப் படத்தை அல்ல, அதற்கு முன்னால் போடும் குறும்படத்தை. நகரத்தின் மாமூல் கும்பல்களை அம்பலப்படுத்தும் அந்தக் குறும்படத்தில் அவர்களுடைய தொழிலே திரையில் ஓடுகிறது. வார்ட் பிரையன்ட் என்ற பத்திரிகை அதிபர் அதில் மக்களைப் பார்த்துப் பேசுகிறார். தன் கதையைத் தானே இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் க்ரூகரின் முகத்தை கீலி நிதானமாகக் காட்டுகிறார்.

1936-இல் இதைப் பார்த்த அமெரிக்க ரசிகர்களுக்கு இந்தக் காட்சி பழகிய ஒன்று. அவர்களும் அப்போது நியூஸ்ரீலையும் கார்ட்டூனையும் பார்த்துவிட்டுத்தான் இந்தப் படத்துக்கு வந்திருப்பார்கள். ‘தி மார்ச் ஆஃப் டைம்’ செய்திப்படங்களும், எம்.ஜி.எம். எடுத்த ‘க்ரைம் டஸ் நாட் பே’ குறும்படங்களும் 1935-இல்தான் வரத் தொடங்கியிருந்தன. தமிழ்நாட்டிலும் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ் ரீல் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் உண்டு. வெள்ளச் சேதம், அணைக்கட்டுத் திறப்பு, கிரிக்கெட் என்று அது ஓடிமுடிந்த பிறகுதான் படத்தின் எழுத்து விழும். அந்தப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு கீலியின் தொடக்கக் காட்சி சட்டென்று பிடிபடும். மல்டிபிளெக்ஸில் விளம்பரம் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இரண்டு ரவுடிகள் காசு கொடுத்து நியூஸ் பார்க்கப் போவது ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும்.

பிரையன்ட்டை ஃபென்னர் சுட்டுக் கொல்கிறான். க்ரூகருக்கு அது பிடிக்கவில்லை. பெயருள்ள மனிதரைக் கொன்றால் ஊர் கொதிக்கும், தொழில் படுக்கும் என்பது அவன் கணக்கு. அது பலித்துவிடுகிறது. கிராண்ட் ஜூரி கூடி, நேர்மைக்குப் பேர்போன கேப்டன் மெக்லாரனை முழு அதிகாரத்தோடு கமிஷனராக்குகிறது. பதவிக்கு வந்ததும் அவர் களையெடுக்கிறார். வேலை போனவர்களில் ஜானி பிளேக்கும் ஒருவர். பிராட்வேயில் ரவுடிகளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியே பெயர் வாங்கியவர், ஏற்கெனவே பிராங்ஸ் பக்கம் ஒதுக்கப்பட்டவர். வேலை போன ஆத்திரத்தில் பலர் பார்க்க மெக்லாரனின் முகத்தில் ஒரு குத்து விடுகிறார். பிளேக்கை அவருடைய முரட்டு நேர்மைக்காக எப்போதுமே மதித்துவந்த க்ரூகர், கும்பலில் இடம் தருகிறான். ஃபென்னருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

பிளேக் வேலையை இழந்தது நாடகம். கும்பலுக்குள் அவரை அனுப்பியதே மெக்லாரன்தான். ஆனால் படம் அதை உடனே உடைத்துச் சொல்லிவிடுவதில்லை. பார்ப்பவரையும் கொஞ்ச நேரம் சந்தேகத்திலேயே வைத்திருக்கிறது. ராபின்சன் என்ற நடிகரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தது சாமர்த்தியம். 1931-இல் ‘லிட்டில் சீஸர்’ படத்தில் ரிகோ என்ற கொள்ளைக்காரனாக நடித்து அவர் பெற்ற பெயர் இன்னும் மங்கவில்லை. அந்தக் குள்ள உருவத்தையும் தடித்த உதட்டையும் வெட்டிப் பேசும் பேச்சையும் கண்டதும் ரசிகர்கள் குற்றவாளி என்றே நினைத்துப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தையே கீலி தன் கதைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்.

ராபின்சன் போலீஸ் பக்கம் வந்ததற்குச் சந்தைக் காரணமும் உண்டு. 1931, 1932-இல் ‘லிட்டில் சீஸர்’, ‘தி பப்ளிக் எனிமி’, ‘ஸ்கார்ஃபேஸ்’ ஆகிய மூன்றும் குற்றவாளியையே கதாநாயகனாக்கி ஓடின. பாதிரியார்களும் மாதர் சங்கங்களும் எதிர்த்தார்கள். 1934 ஜூலை முதல் ஜோசப் பிரீனின் அலுவலகம் தணிக்கை விதிகளைக் கறாராக நடைமுறைப்படுத்தியது. குற்றத்தின் பக்கம் அனுதாபம் சாயக்கூடாது என்பது முக்கியமான விதி. துப்பாக்கிச் சண்டையும் வேண்டும், விதியும் மீறக்கூடாது. ஆகவே வார்னர் நிறுவனம் அதே நடிகர்களுக்கு அரசாங்க அடையாள அட்டையைக் கொடுத்தது. 1935-இல் இதே கீலி இயக்கிய ‘ஜி மென்’ படத்தில் ஜேம்ஸ் காக்னி எஃப்.பி.ஐ. ஆளானார். அடுத்த வருடம் ராபின்சனின் முறை. வேஷம் போட்டு உள்ளே போகும் போலீஸ் என்ற கதை, இந்த நெருக்கடிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கதாநாயகன் கும்பலோடு உட்கார்ந்து குடிக்கலாம், பங்கு பிரிக்கலாம், மிரட்டலாம், கடைசியில் சட்டத்தின் ஆளாகவும் இருக்கலாம்.

கதை ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. சீட்டன் ஐ. மில்லரோடு சேர்ந்து இதை எழுதிய மார்ட்டின் மூனி நியூயார்க்கில் குற்றச் செய்தி எழுதிய பத்திரிகையாளர். தகவல் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல மறுத்ததற்காகச் சிறைக்குப் போனவர். ஜானி பிளேக்குக்கு முன்மாதிரி, நியூயார்க் போலீஸில் பிராட்வே பகுதியைக் கலக்கிய ஜானி பிராடெரிக் என்ற துப்பறிவாளர். ஈயக் குழாயைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரவுடிகளைப் புடைத்தவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு.

கிராண்ட் ஜூரியும் நடந்த கதைதான். 1935-இல் நியூயார்க்கில் ஒரு கிராண்ட் ஜூரி, மாவட்ட அரசு வழக்கறிஞரின் மேல் நம்பிக்கை இழந்து தனி வழக்கறிஞர் வேண்டும் என்று முரண்டு பிடித்தது. கவர்னர் ஹெர்பர்ட் லேமன் தலையிட, தாமஸ் டூயி என்ற இளம் வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். அவருடைய முதல் குறி கும்பல் தலைவன் டச் ஷுல்ட்ஸ். டூயியைக் கொன்றுவிடலாம் என்றான் ஷுல்ட்ஸ். மற்றத் தலைவர்கள் சம்மதிக்கவில்லை. கொன்றால் ஊரே திரும்பும் என்று அவர்கள் பயந்தார்கள். 1935 அக்டோபரில் நியூவார்க் நகரத்து உணவகம் ஒன்றில் ஷுல்ட்ஸே சுடப்பட்டு இறந்தான். ஷுல்ட்ஸ் செய்ய நினைத்து முடியாமல் போன காரியத்தைத்தான் திரையில் ஃபென்னர் செய்துமுடிக்கிறான். ‘புல்லட்ஸ் ஆர் பாலட்ஸ்’ வெளியான அதே 1936 ஜூனில் இன்னொரு கும்பல் தலைவன் லக்கி லூசியானோவுக்கு எதிரான வழக்கில் டூயி வென்றார். தண்டனை 30 முதல் 50 ஆண்டு. காலையில் பத்திரிகையில் படித்ததை மாலையில் திரையில் பார்க்கும் வேகம் அது.

மாமூல் என்றால் அன்றைய நியூயார்க்கில் கடைக்காரரிடம் வாங்கும் காசு மட்டுமல்ல. மீன், கோழி, காய்கறி என்று வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொருளிலும் கும்பலுக்கு ஒரு பங்கு இருந்தது. ஆர்டிசோக் என்ற காய் முழுவதும் சிரோ டெரனோவா என்ற ஒருவனின் பிடியில் இருந்தது. அதை முறிக்க மேயர் லா கார்டியா 1935 டிசம்பரில் ஒரு விடியற்காலை பிராங்ஸ் மொத்தச் சந்தைக்குப் போய், ஊதுகொம்பு முழங்க, குட்டி ஆர்டிசோக் விற்கத் தடை என்று அறிவித்தார். சாப்பாட்டு மேஜை வரை நீண்டிருந்த இந்தச் சுரண்டலைத்தான் படம் தன் பொருளாக எடுத்துக்கொள்கிறது. ரவுடிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை இல்லை. சாதாரண மனிதரின் சில்லறைக் காசு எங்கே போய்ச் சேருகிறது என்பதே அதன் கேள்வி.

அந்தச் சில்லறைக் காசின் நதிமூலம் ‘நம்பர்ஸ்’. ஹார்லெம் பகுதியில் வேர்விட்ட சூதாட்டம் இது. 000 முதல் 999 வரை ஒரு மூன்றிலக்க எண்ணைச் சொல்லி, ஒரு சென்ட் கூடக் கட்டலாம். ஏஜென்ட் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்வான். முதலில் வங்கிகளின் கிளியரிங் ஹவுஸ் தொகையிலிருந்தும், பிறகு குதிரைப் பந்தயக் கணக்கிலிருந்தும் அன்றைய எண்ணை எடுத்தார்கள். ஜெயித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ அறுநூறு கிடைக்கும். ஆனால் ஜெயிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. மீதி நானூறில் ஏஜென்ட்டின் கமிஷன் போக எல்லாம் நடத்துகிறவருக்கு. ஷுல்ட்ஸ் அதிலும் திருப்தியடையவில்லை. ஓட்டோ பெர்மன் என்ற கணக்குப்புலியை வைத்து, அதிகம் பேர் கட்டிய எண் விழாதபடி கடைசி நேரத்தில் பந்தயக் கணக்கை அசைத்தான். பெர்மனும் அதே நியூவார்க் உணவகத்தில் ஷுல்ட்ஸோடு சுடப்பட்டவன்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஆட்டம் அந்நியமாக இருக்காது. மூணு நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி இன்றும் வருகிறது. ‘காட்டன்’ சூதாட்டத்துக்கு நியூயார்க்கோடு நேரடி உறவே உண்டு. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க, முடிவு விலைகள் தந்தியில் பம்பாய்க்கு வரும், அவற்றின் மேல் பணம் கட்டுவார்கள். அந்தப் பழக்கம்தான் பிறகு மட்கா சூதாட்டமாக வளர்ந்தது.

படத்தில் ஹார்லெமின் நம்பர்ஸை நடத்துகிறவர்கள் இரண்டு பெண்கள்: லீ மார்கனும் நெல்லி லாஃப்ளூர் என்ற கறுப்பினப் பெண்ணும். நெல்லியாக நடித்த லூயிஸ் பீவர்ஸுக்கு அந்தக் கால ஹாலிவுட் வேலைக்காரி வேஷத்தைத் தவிர வேறெதுவும் பெரும்பாலும் தந்ததில்லை. இங்கே அவர் சொந்தமாகத் தொழில் நடத்துகிற, நல்ல உடை உடுத்துகிற, கணக்குத் தெரிந்த பெண். ஹார்லெமில் நம்பர்ஸ் நடத்தி, ஷுல்ட்ஸை எதிர்த்து நின்ற ஸ்டெஃபனி செயின்ட் கிளேரை அந்தப் பாத்திரம் நினைவூட்டுகிறது. காட்சிகள் குறைவு. ஆனாலும் பீவர்ஸை இப்படிப் பார்ப்பதற்காகவே இந்தப் படத்தைத் தேடலாம்.

பிளேக்கின் வேஷம் எங்கே கனக்கிறது என்பது லீயின் கதையில்தான் தெரிகிறது. க்ரூகரின் முழு நம்பிக்கையைப் பெற, ஏதாவது பெரிய வருமானத்தைக் காட்ட வேண்டும். பிளேக் காட்டுவது நம்பர்ஸை. தன்னை நேசிக்கும் பெண்ணின் பிழைப்பையே கும்பலிடம் தூக்கிக் கொடுக்கிறார். லீக்கு உண்மை தெரியாது. நண்பன் துரோகியாகிவிட்டான் என்றுதான் அவள் நம்புகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் சொன்னால் வேலை கெட்டுவிடும். ஜோன் பிளாண்டல் வாயாடிப் பெண்ணாக நடித்துப் பெயர் வாங்கியவர். அவர் இங்கே பேச்சு அடங்கி, முகத்தில் மட்டும் வலியைக் காட்டும்போது, எதிரே நிற்கும் ராபின்சன் கண்ணைக்கூட அசைப்பதில்லை. நடிப்பின் மேல் நடிப்பு அது. பிளேக் கும்பலுக்காக நடிக்கிறார், ராபின்சன் அந்த நடிப்புக்குள் இருக்கும் சங்கடத்தை நமக்கு மட்டும் தெரியும்படி நடிக்கிறார். துப்பாக்கி வெடிக்கும் காட்சிகளைவிட இந்தக் காட்சியே படத்தின் உயரம்.

ராபின்சனும் போகார்ட்டும் சேர்ந்து நடித்த முதல் படம் இது. அவர்களுக்குள் அதற்கு முன்பே ஒரு கணக்கு இருந்தது. 1936-இன் தொடக்கத்தில் வந்த ‘தி பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்’ படத்தில் டியூக் மான்டி என்ற கொலைகாரன் வேஷத்துக்கு வார்னர் நிறுவனம் நினைத்தது ராபின்சனைத்தான். மேடையில் அந்த வேஷத்தைச் செய்தவர் போகார்ட். அவர்தான் வேண்டும் என்று கதாநாயகன் லெஸ்லி ஹோவர்ட் பிடிவாதமாக நின்றதால் போகார்ட்டுக்கு வாழ்க்கை கிடைத்தது. சில மாதம் கழித்து இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஃபென்னர் ஆழமான பாத்திரம் இல்லை. கோபம், சந்தேகம், துப்பாக்கி, அவ்வளவுதான். ஆனால் பிளேக்கை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே நிற்கும் அந்த ஒல்லி உருவம், ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ வருவதற்கு ஐந்து வருடம் முன்பே யாரும் தவறவிட முடியாத ஒன்றாக இருக்கிறது.

கும்பலுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பது க்ரூகருக்கு மட்டும் தெரியும். வசூலை எடுத்துக்கொண்டு அவன் போய்ச் சேரும் இடம் ஒரு பெரிய வங்கி. அதன் மேல்தளத்தில் கோட்டும் டையும் அணிந்த கனவான்கள் சிலர். ஊர் மதிக்கும் மனிதர்கள். குற்றத்தின் தலைமையகம் இருட்டுச் சந்தில் இல்லை, பளிங்குத் தரை போட்ட வங்கியில் இருக்கிறது என்று 1936-இல் ஒரு படம் சொன்னது சாதாரணமல்ல. சில வருடம் முன்புதான் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடி, சேமிப்பைத் தொலைத்த மக்கள் வாசலில் வரிசையில் நின்றிருந்தார்கள். அந்தப் பார்வையாளருக்கு இதைத் தனியாக விளக்கவேண்டிய தேவையே இருந்திருக்காது.

க்ரூகரை ஃபென்னர் கொல்கிறான். தலைமை பிளேக் கைக்கு வருகிறது, மேலிடத்துக்குப் பணத்தைக் கொண்டுபோகும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. அதற்குள் உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட ஃபென்னர் வழிமறிக்கிறான். இருவரும் சுட்டுக்கொள்கிறார்கள். ஃபென்னர் அங்கேயே சாகிறான். குண்டடிபட்ட பிளேக்கை வங்கிக்கு காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் லீ. அவர் பணத்தோடு உள்ளே போக, மெக்லாரனின் ஆட்கள் கனவான்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார்கள். பிளேக் பிழைக்கவில்லை. ‘லிட்டில் சீஸ’ரில் ரவுடியாக ராபின்சன் செத்தபோது ரசிகர்கள் பார்த்தது ஒரு திமிரின் முடிவை. இங்கே அவர் சாகும்போது உடன் நிற்பது மதிப்பு. தணிக்கை விதிகளால் அழகாகச் சொல்ல முடிந்த ஒரு சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

குறைகளும் இருக்கின்றன. ஃபிராங்க் மெக்ஹ்யூவின் நகைச்சுவை பழசாகிவிட்டது. வங்கிக்காரர்கள் வந்து போகும் வேகத்தில் அவர்கள் யார், எப்படி இதில் இறங்கினார்கள் என்பது தெரியாமலே போகிறது. கீலிக்கு நிழலும் வெளிச்சமும் வைத்து அச்சமூட்டத் தெரியாது. அதை ‘டி-மென்’ படத்தில் 1947-இல் இயக்குநர் ஆன்டனி மானும் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டனும் செய்து காட்டினார்கள். கீலியே 1948-இல் ‘தி ஸ்ட்ரீட் வித் நோ நேம்’ படத்தில் மறுபடி இதே வகைக் கதைக்குத் திரும்பினார். அடுத்த வருடம் ‘வைட் ஹீட்’டில் எட்மண்ட் ஓ’பிரையன் சிறைக்குள் போய் காக்னியின் நண்பனானார். 1997-இன் ‘டோனி பிராஸ்கோ’, 2006-இன் ‘தி டிபார்ட்டட்’ வரை அந்தக் கோடு நீள்கிறது. பின்னால் வந்தவர்கள் வேஷம் போட்டவனின் மனச்சிதைவை இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். ஆனால் நம்பியவரை ஏமாற்றித்தான் கடமையைச் செய்ய முடியும் என்ற முடிச்சு, லீக்கும் பிளேக்குக்கும் நடுவில் அன்றே விழுந்துவிட்டது.

ருமேனியாவின் புக்கரெஸ்டில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்து சேர்ந்த ராபின்சன், நிஜ வாழ்க்கையில் ஓவியங்கள் சேகரித்த மென்மையான மனிதர். ஒரு முறைகூட ஆஸ்கார் பரிந்துரை அவருக்குக் கிடைத்ததில்லை. கௌரவ விருது அறிவிக்கப்பட்டபோது உயிரோடு இருந்தார், 1973 மார்ச்சில் அது வழங்கப்பட்டபோது இல்லை. அவரும் போகார்ட்டும் சேர்ந்து நடித்த படங்கள் ஐந்து. அவற்றில் ஊர் கொண்டாடுவது 1948-இன் ‘கீ லார்கோ’வை. அதைப் பார்க்கும் முன் ‘புல்லட்ஸ் ஆர் பாலட்ஸ்’ பார்த்துவிடுவது நல்லது. ராபின்சன் என்ற நடிகரின் முழு வீச்சு, நல்லவனும் கெட்டவனும் ஒரே முகத்தில் இருக்கும் இந்த 82 நிமிடத்தில்தான் தெரிகிறது.